காணாமற்போன காய்ச்சலும் வருகைப் பதிவேடும்

2021 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் இன்புளுவென்சா காய்ச்சலினால் ஒரு மரணமேனும் அந்த நாட்டின் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பிரிவுக்கு அறிவிக்கப்படவில்லை. பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தச் செய்தியை எந்தவொரு தமிழ்ப் பத்திரிகையின் முதற்பக்கத்திலும் கண்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் அதை எழுதவில்லை. கொவிட் மரணங்களின் அன்றாடக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த எமக்கு, வழமையாக வரும் ஒரு மரணம் வராமற்போனது கண்ணில் படவில்லை.

அதற்கு இரண்டு வருடங்கள் முன்னதாக, 2019 இல், அதே நாட்டில் ஆய்வுகூடப் பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவென்சா நோயாளர்களின் எண்ணிக்கை 3 இலட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 900 க்கும் அதிகமானவர்கள் மரணமடைந்தனர். 2020 இல் நோயாளர் தொகை சுமார் 21 ஆயிரமாக வீழ்ந்தது. அதிலும் மிகப் பெரும்பாலானவை எல்லைகள் மூடப்படுவதற்கு முந்தைய மாதங்களுக்குரியவை. 2021 இல் முழு ஆண்டுக்கும் ஆயிரத்துக்கும் குறைவான நோயாளர்களே பதிவாகினர். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் வசிக்கும் எம்மவர்கள் ஜூன், ஜூலை மாதக் குளிரில் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலை ஒரு பருவகாலச் சடங்கு போன்று ஏற்றுக்கொண்டு வாழப் பழகியவர்கள். அந்தச் சடங்கு இரண்டு குளிர்காலங்களுக்கு நடைபெறவேயில்லை.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் கூர்மையானது. அங்கு 2019 – 20 பருவத்தில் இன்புளுவென்சாவினால் மரணமடைந்ததாக அறிவிக்கப்பட்ட சிறுவர்களின் தொகை 199. அடுத்த பருவத்தில் அது 1. முன்னெச்சரிக்கைகள் யாவும் கைவிடப்பட்டு உலகம் 'வழமைக்கு'த் திரும்பிய பின்னர், 2024 – 25 பருவத்தில் குறைந்தது 280. அமெரிக்காவில் 2004 இல் இந்தக் கணக்கெடுப்பு ஆரம்பிக்கப்பட்ட பின்னர், 2009 பெருந்தொற்றுக்காலம் தவிர்ந்த எந்தவொரு பருவத்திலும் பதிவாகியிராத உச்சம் அது. இந்த மூன்று எண்களை அருகருகே எழுதிவைத்துப் பார்த்தபோதே இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்ற எண்ணம் தோன்றியது.

'அப்போது எல்லோரும் கொவிட்டைத்தானே பரிசோதித்தார்கள், இன்புளுவென்சாவை யார் தேடினார்கள்?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நியாயமான சந்தேகமே. ஆனால் தேடினார்கள். 2020 செப்டெம்பர் பிற்பகுதிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் அமெரிக்காவில் இன்புளுவென்சாவுக்காகப் பரிசோதிக்கப்பட்ட 8 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் வைரஸ் கண்டறியப்பட்டது 1,675 மாதிரிகளில் மாத்திரமே. ஆயிரத்துக்கு இரண்டு. சாதாரண குளிர்காலமொன்றின் உச்சத்தில் நூற்றுக்கு இருபது, முப்பது என்று கண்டறியப்படுவதுண்டு. தேடாமல் விட்டதனால் அது காணாமற்போகவில்லை.

அப்படியானால் கொவிட் ஏன் காணாமற்போகவில்லை என்பது அடுத்த கேள்வி. ஒரே முகக்கவசம், ஒரே ஊரடங்கு, ஒரே மூடிய பாடசாலை. ஒன்று அழிந்தது, மற்றையது பரவியது. இதற்கான விடை பெரும்பாலும் ஒரு சிறிய பெருக்கல் கணக்கில் அடங்கியிருக்கிறது. பருவகால இன்புளுவென்சா தொற்றிய ஒருவர் சராசரியாக 1.3 பேருக்கு அதைக் கடத்துகிறார். மக்களில் பலருக்கு முந்தைய ஆண்டுகளின் தொற்றினாலும் தடுப்பூசியினாலும் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருப்பது இதற்கு ஒரு காரணம். ஆரம்பகாலக் கொரோனா வைரஸோ இரண்டரை முதல் மூன்று பேர் வரை கடத்தியது. மனிதர்களிடையிலான நெருக்கமான தொடர்புகளைப் பாதியாகக் குறைத்தால் முதலாவது எண் 0.65 ஆகிறது. அதாவது நோய் தன்னைத் தானே பிரதிசெய்ய இயலாமல் சில வாரங்களில் அவிந்துபோகிறது. இரண்டாவது எண் பாதியாகக் குறைந்த பின்னரும் ஒன்றுக்கு மேலேயே நிற்கிறது. கொவிட்டை மெதுவாக்க மாத்திரமே போதுமாயிருந்த நடவடிக்கைகள் இன்புளுவென்சாவை முற்றாக நிறுத்தப் போதுமாயிருந்தன. இது உலகம் திட்டமிட்டுச் செய்த சாதனை அல்ல. வேறு ஒரு எதிரியை நோக்கி வீசிய வலையில் தற்செயலாக அகப்பட்டது.

ஆனால் அந்த வலையின் எந்தக் கண்ணி இதைப் பிடித்தது என்று கேட்கும்போது விடயம் சிக்கலாகிறது. முகக்கவசத்தின் ஆதரவாளர்கள் அதை முகக்கவசத்தின் வெற்றி என்கிறார்கள். கைகழுவியதனால் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதில் நியூசிலாந்தின் அனுபவத்தைப் போன்று தெளிவான சாட்சியம் வேறில்லை எனலாம்.

நியூசிலாந்து 2020 மார்ச் மாதத்தில் தனது எல்லைகளை மூடி நாட்டையும் முடக்கியது. ஜூன் மாதத்தில் கொவிட் சமூகத்தில் இல்லை என்ற நிலையில் உள்ளூர்க் கட்டுப்பாடுகள் ஏறத்தாழ முழுமையாக நீக்கப்பட்டன. பாடசாலைகள் திறந்தன, றக்பி மைதானங்கள் நிரம்பின, முகக்கவசம் அணிந்தவர்களைக் காண்பதே அரிதாயிருந்தது. அது அங்கு நடுக் குளிர்காலம். அப்படியிருந்தும் இன்புளுவென்சா வரவில்லை. முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிடுகையில் 99.9 சதவீத வீழ்ச்சி என்று அந்த நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். உள்ளே எஞ்சியிருந்ததை முடக்கம் அழித்தது. புதிதாக வருவதை மூடிய எல்லை தடுத்தது. வருடாவருடம் இன்புளுவென்சா விமானமேறியே தென்துருவத்துக்கு அண்மையிலுள்ள அந்தத் தீவுகளை வந்தடைகிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட இயலாது.

அதேவேளை, சாதாரண தடிமனை ஏற்படுத்தும் ரைனோ வைரஸ் முடக்கம் தளர்ந்ததும் மீண்டும் தலைகாட்டியது. அதற்கு வெளியிலிருந்து வரவேண்டிய தேவை இருக்கவில்லை. குணங்குறி எதுவுமில்லாத பிள்ளைகளின் மூக்கில் அது வாரக்கணக்கில் வாழும். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் மதுசாரக் கைத்திரவத்துக்கும் இலகுவில் மசியாது. ஹொங்கொங்கில் 2020 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது பிள்ளைகள் முகக்கவசத்துடனேயே வகுப்பில் இருந்தனர். ஆயினும் தடிமன் பாடசாலைக்குப் பாடசாலை பரவி சிறிய வகுப்புகளை மீண்டும் மூடவேண்டிய நிலையை ஏற்படுத்தியது. எல்லா வைரஸும் ஒன்றல்ல என்ற சாதாரண உண்மையை முகக்கவசத்தை ஒரு மதமாக்கியவர்களும், அதை அடிமைச் சின்னம் என்று தூற்றியவர்களும் ஒருங்கே மறந்துவிட்டனர்.

கைக்குழந்தைகளின் நுரையீரலிலுள்ள நுண்ணிய சுவாசக்குழாய்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸின் கதை வேறு. இதுவே முன்னெச்சரிக்கைகளுக்கு எதிரானவர்களின் பிரதான சாட்சி. நியூசிலாந்தில் 2020 குளிர்காலத்தில் அதுவும் இல்லாமற்போயிருந்தது. 2021 ஏப்ரிலில் அவுஸ்திரேலியாவுடன் தனிமைப்படுத்தல் இல்லாத பயணம் அனுமதிக்கப்பட்டது. ஜூலை ஆரம்பத்தில் ஐந்து வாரங்களுக்குள் ஏறத்தாழ 1,000 நோயாளர்கள் பதிவாகியிருந்தனர். சாதாரணமாக 29 வாரங்கள் நீடிக்கும் முழுக் குளிர்காலத்துக்கும் சராசரி எண்ணிக்கை 1,743. சிறுவர் விடுதிகள் நிரம்பி வழிந்தன, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மேற்கு அவுஸ்திரேலியாவிலோ அதற்கும் முன்னதாகவே, 2020 இன் கடைசி மாதங்களில், கோடைகாலம் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் ஆர்.எஸ்.வி. பெருக்கெடுத்தது. ஜப்பானில் முகக்கவசம் அணிவது வழமையாயிருந்த 2021 கோடையிலேயே அது பெருமளவில் பரவியது. பாலர் நிலையத்துப் பிள்ளைகளுக்கு முகக்கவசம் என்பது ஒரு விளையாட்டுப் பொருள்தானே.

பிரான்ஸின் சிறுவர் நோய் மருத்துவர்கள் சிலர் 2021 இல் இந்த நிலையை 'நோயெதிர்ப்புக் கடன்' என்று பெயரிட்டு அழைத்தனர். அவர்கள் அதை ஒரு எச்சரிக்கையாகவே சொன்னார்கள். தடுப்பூசிகளை உரிய நேரத்தில் வழங்கி, வரப்போகும் அலைக்கு ஆயத்தமாகுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. ஆனால் அந்தச் சொல் அவர்களின் கையை விட்டுப் போய்விட்டது. முன்னெச்சரிக்கையே நோயை உண்டாக்கியது, பிள்ளைகளைக் கிருமியிலிருந்து காத்ததனாலேயே அவர்கள் பலவீனர்களானார்கள் என்று வாதிடுபவர்களின் ஆயுதமாக அது மாறியது.

ரொறன்ரோவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு 2022 நவம்பர் நன்கு ஞாபகமிருக்கும். ஆர்.எஸ்.வி., இன்புளுவென்சா, கொவிட் மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த நகரின் பிரபல சிறுவர் வைத்தியசாலை அதிதீவிர சிகிச்சைக்கு இடம்தேட சத்திரசிகிச்சைகளைக் குறைத்தது. ஒட்டாவாவின் சிறுவர் வைத்தியசாலைக்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவி தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. இரண்டு வருடங்கள் வீட்டில் அடைபட்டிருந்ததன் தண்டனை இது என்று ஒரு தாய் நினைத்திருந்தால் அவரைக் குறைகூற முடியாது.

என்றாலும் இந்தக் 'கடன்' கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கடன் என்றால் பின்னர் வட்டியுடன் திருப்பிச் செலுத்தவேண்டும். ஆர்.எஸ்.வி. விடயத்தில் தாமதம் பிள்ளைக்கு இலாபமே. அந்த வைரஸினால் மிக அதிகமாக ஆபத்துக்குள்ளாகிறவர்கள் பிறந்து ஆறு மாதங்களுக்குள் இருக்கும் சிசுக்கள். அவர்களின் சுவாசக்குழாய் அவ்வளவு ஒடுக்கமானது. அதே தொற்று இரண்டு வயதில் வந்தால் பெரும்பாலும் சில நாள் இருமலுடன் கடந்துபோகும். நட்டமடைந்தவை வைத்தியசாலைகள். மூன்று வயதெல்லைப் பிள்ளைகளின் முதல் தொற்றை ஒரே பருவத்தில் சமாளிக்கும் அளவுக்குக் கட்டில்களும் தாதியரும் அவற்றிடம் இருக்கவில்லை. இதனால் உயிர்கள் ஆபத்துக்குள்ளாகின என்பது மறுக்கமுடியாதது. 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் ஏ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவினால் பிள்ளைகள் மரணமடைந்ததையும் இங்கு மறைக்கக்கூடாது. ஆனால் அந்த நெருக்கடிக்கு, அலை வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டும் கட்டில்களைச் சேர்க்காத நிருவாகங்கள் பதில் சொல்லவேண்டும். பிள்ளையைக் காத்த தாய் அல்ல.

மேலும், தள்ளிப்போடப்பட்ட காலத்தில் உலகம் சும்மா இருக்கவில்லை. கர்ப்பிணித் தாய்க்கு ஏற்றி சிசுவைப் பாதுகாக்கும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்கும் நீண்டகாலப் பிறபொருளெதிரியும் 2022, 2023 காலப்பகுதியில் அங்கீகாரம் பெற்றன. 2019 இல் இந்த வைரஸினால் மரணமடைந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகை உலகளவில் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகம் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பான்மையானோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். புதிய மருந்துகள் முதலில் சென்றடைந்ததோ செல்வந்த நாடுகளின் தொட்டில்களை. இது வேறொரு கட்டுரைக்குரியது.

இன்னொரு சாட்சியம், அதிகம் பேசப்படாதது. இஸ்ரேலில் பெருந்தொற்றுக் காலத்தில் சிறுவர்களுக்கு நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் பக்டீரியாவின் தாக்கம் கடுமையாக வீழ்ந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்ததனால் பக்டீரியா பரவவில்லை போலும் என்று நினைத்து அவர்களின் மூக்கைச் சோதித்தபோது, அது முன்னர் இருந்த அளவுக்கே ஏறத்தாழ அங்கு இருந்தது. காணாமற்போயிருந்தவை ஆர்.எஸ்.வி.யும் இன்புளுவென்சாவும் அவற்றின் சகபாடி வைரஸ்களுமே. வைரஸ் வந்து கதவைத் திறந்துவிடாதபோது வீட்டுத் திண்ணையில் இருந்த பக்டீரியா உள்ளே போகவில்லை. 'சும்மா தடிமன்தானே' என்று நாம் சொல்லும் ஒன்றின் பின்னால் என்ன வருகிறது என்பதை வேறு எந்தப் பரிசோதனையும் இவ்வளவு பெரிய அளவில் காட்டியிருக்க முடியாது.

திரும்பி வராத ஒன்றும் இருக்கிறது. இன்புளுவென்சா பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பின்னர் உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 2017 – 18 பருவத்தின் பெரும் பரவலுக்குப் பின்னர் அது ஏற்கெனவே நலிந்திருந்தது என்பது உண்மை. நலிந்திருந்ததை எமது முன்னெச்சரிக்கைகள் முடித்துவைத்தன போலும். 2023 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் அதைத் தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய அவசியம் இனி இல்லை என்றனர். நான்கு கூறுகளைக் கொண்ட ஊசி மீண்டும் மூன்று கூறுகளுக்குத் திரும்பியது. ஏனைய இன்புளுவென்சா வகைகளோ பங்களாதேஷ், கம்போடியா, மேற்கு ஆபிரிக்கா போன்ற பகுதிகளில் சிறு பொறியாகத் தங்கியிருந்து, விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் மீண்டும் உலகைச் சுற்றிவந்தன. அவுஸ்திரேலியாவில் 2024 இன் நோயாளர் தொகை 3 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டி 2019 இன் எண்ணிக்கையையும் மிஞ்சியது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். எல்லைகளை மூடி மீண்டும் இன்புளுவென்சாவை விரட்டவேண்டும் என்று சித்தசுவாதீனமுள்ள எவரும் கேட்கமாட்டார்கள். அந்த விலை மிக அதிகம். எமது மக்கள் அதை நன்கு அறிவார்கள். இலங்கையில் முன்னெச்சரிக்கை என்ற சொல் 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டத்துடன் வந்தது. கொவிட் கட்டுப்பாட்டு நிலையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் கொடுக்கப்பட்டது. போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு சோதனைச்சாவடியில் சீருடையினர் காய்ச்சல் பார்ப்பது என்ன உணர்வைக் கொடுத்திருக்கும் என்று சொல்லத்தேவையில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் முஸ்லிம்களின் சடலங்களை 2021 பெப்ரவரி வரை பலவந்தமாகத் தகனம் செய்ததும் முன்னெச்சரிக்கை என்ற பெயரிலேயே. அதற்காக அரசாங்கம் 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. இவ்வாறான அனுபவத்துக்குப் பின்னர் முன்னெச்சரிக்கை என்றாலே மக்கள் முகஞ்சுளிப்பதில் ஆச்சரியம் என்ன? விளைவாக, தண்டனையாகத் திணிக்கப்பட்டவற்றுடன் சேர்த்து, எவரையும் வருத்தாத சாதாரண நற்பழக்கங்களையும் தூக்கியெறிந்துவிட்டோம்.

எமது நாட்டில் இன்புளுவென்சாவுக்கு ஆண்டில் வழமையாக இரண்டு உச்சங்கள் உண்டு. ஒன்று ஏப்ரில் முதல் ஜூன் வரையிலானது, மற்றையது நவம்பரில் தொடங்கி ஆண்டு மாறும்வரை நீடிப்பது. அந்த மாதங்களில் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருமுகிறவர் முகக்கவசம் அணிவதற்கும், தனியார் கல்வி நிலையத்தில் இருநூறு பிள்ளைகள் நெருங்கியமர்ந்திருக்கும் கொட்டகையின் யன்னல்களைத் திறந்துவைப்பதற்கும் இராணுவம் தேவையில்லை. காய்ச்சலுள்ளவர் வீட்டில் இருப்பதுதான் இவை எல்லாவற்றிலும் பிரதானமானது. அதுவே எமது சமூகத்தில் மிகக் கடினமானதும் கூட. ஏனென்றால் நாம் வருகையை வணங்குபவர்கள்.

பரிசளிப்பு விழாவில் ஒருநாளும் தவறாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை காய்ச்சலுடன் வந்த நாட்கள் எத்தனை, பக்கத்து வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதன் பின்னர் படுத்தார்கள் என்ற கணக்கை எந்த அதிபரும் வைத்திருப்பதில்லை. பெருந்தோட்டங்களில் 2016 ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளத்தில் 60 ரூபா வருகைக்கான கொடுப்பனவாக இருந்தது. 2019 ஒப்பந்தத்தில் அது இல்லாமற்போனது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் வருகைக்கென நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே வழங்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. அந்தத் தொழிலாளரின் சம்பளம் உயர்வதை வரவேற்காதவன் அல்ல நான். எவ்வளவு கொடுத்தாலும் அவர்களின் உழைப்புக்குக் குறைவே. ஆனால் 'வருகை' என்ற பெயரில் அதைக் கொடுக்கும்போது, காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்கு அன்றைய நாட்கூலியுடன் அந்த 200 ரூபாவும் போகிறது. அவர் மலையேறுவார். திரும்பிவந்து லயன் அறையில் பத்தடிச் சுவருக்குள் பேரக்குழந்தையுடன் படுப்பார். ஆண்டுக்கு இத்தனை நாட்கள் நோய்க்கென சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்று அதே பணத்தின் ஒரு பகுதியை ஏன் மாற்ற முடியாது? இந்தக் கேள்வியை மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டும்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடக்கூடாது. நான் பணியாற்றிய பத்திரிகைப் பணிமனையில் யன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். குளிரூட்டியின் காற்று வீணாகிவிடக்கூடாதாம். காய்ச்சல் 102 பாகையில் நிற்க, இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு இரவு முழுவதும் இருந்து பக்கங்களை அனுப்பிய நாட்களை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். 2003 இல் சார்ஸ் நோய் ஹொங்கொங்கைத் தாக்கியபோது, வீதியில் முகக்கவசத்துடன் சென்ற மக்களின் படங்களை வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் அனுப்பின. அவற்றில் ஒன்றை வேடிக்கைப் படமாகவே உட்பக்கத்தில் போட்டேன். அந்த மாதங்களில் அந்த நகரின் ஆய்வுகூடங்களுக்கு வந்த மாதிரிகளில் ஏனைய சுவாச வைரஸ்களும் குறைந்திருந்தன என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். நான் சிரித்த படத்துக்குள் 2021 இன் செய்தி அப்போதே இருந்திருக்கிறது.

கடந்த நவம்பரில், என்னுடன் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்து பணியாற்றிய இளம் பத்திரிகையாளர் ஒருவர் காலையில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: 'ஐயா, காய்ச்சலும் இருமலும். உங்களுக்கும் தொற்றிவிடும், வரவில்லை. வீட்டிலிருந்து முடிந்ததைச் செய்து அனுப்புகிறேன்.' இந்தக் கட்டுரைக்கான எண்களை மேசையில் விரித்து வைத்திருந்த எனக்கே முதலில் வந்தது எரிச்சல்தான். இதற்கெல்லாமா ஒரு நாள் என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன்.